மல்லிகையில் இருந்த கை

என் வீட்டுக்கு எதிரே இருக்கும் வீட்டில் இரண்டு சன்னல்கள். கீழ்ச் சன்னலில் ஒரு கட்சியின் சுவரொட்டி, மேல்மாடிச் சன்னலில் அதற்கு நேர் எதிரான கட்சியின் சுவரொட்டி. ஐந்தோவன் நகரத்துக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. நெதர்லாந்தில் தேர்தல் வந்தால் மக்கள் தங்கள் சன்னல் கண்ணாடிக்கு உட்புறம் சுவரொட்டி ஒட்டிக்கொள்வார்கள் என்பது பழகிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு கட்சி என்பதுதான் பழகவில்லை. முதலில் மாடியில் வாடகைக்கு ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் கீழே காய்கறி நறுக்குகிறவரும் மேலே புத்தகம் படிக்கிறவரும் எனக்குப் பழக்கமான மரெய்க்கேவும் அவருடைய கணவர் கேஸும்தான்.

குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எனக்குத் தெரிந்த டச்சு மொழியில், நீங்கள் இருவரும் தனித்தனியா என்று மரெய்க்கேவிடம் கேட்டேன். கட்சியில் தனித்தனியா என்பதுதான் என் கேள்வி. நான் பயன்படுத்திய சொல் ஹெஸ்ஹெய்டன். அதற்கு மணவிலக்குப் பெற்றவர் என்றும் பொருள் உண்டு, பேச்சு வழக்கில் அதுதான் முதல் பொருள் என்று எனக்குத் தெரியாது. மரெய்க்கே என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "இன்னும் இல்லை" என்றார். நான் சன்னல்களைக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்து சிரித்தார். மாடி அறை கேஸுடையது, அது அவருடைய சன்னல் என்றார். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வராதா என்று கேட்டேன். ஆறு வருடமாகப் பேசியதில்லை என்றார். அதை அவர் ஒரு நல்ல செய்தியைப் போலச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தொட்டியை ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஊரில் யார் எந்தக் கட்சி என்பதைச் சன்னலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வேட்டிக் கரை சொல்லும், சுவர் சொல்லும். திண்டுக்கல்லில் இருந்து தாடிக்கொம்பு போகும் சாலையை ஒட்டி எங்கள் தோட்டம் இருக்கிறது. கிணற்று மோட்டார் அறையின் ஒரு பக்கச் சுவர் சாலையைப் பார்த்திருப்பதால், தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே யாராவது வந்து வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் வருடத்தையும் எழுதிச் சுவரைப் பிடித்துவைத்துவிடுவார்கள். அப்பா அந்தச் சுவரை எப்போதும் முருகேசன் சித்தப்பாவுக்குத்தான் கொடுப்பார். சித்தப்பா அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். சுவரைக் கொடுத்த அப்பா வாக்கையும் அவருக்கே கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது. இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். ஆக, பேசாமல் இருப்பது மரெய்க்கே வீட்டுக்கு மட்டும் உரியதல்ல.

பேசியதுதான் எங்களுக்குப் பிரச்சினையாயிற்று. பேசிய இடம் ஒரு செயலிக் குழு. அதன் பெயர் பூ வண்டி. அதன் நிர்வாகி நான்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் நான்கு ஊர்களில் சின்னச் சின்னதாகப் பூ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் மல்லிகை. சித்தப்பாவுக்கு வரப்பெல்லாம் அரளி, உள்ளே சம்பங்கி. காலையில் பறித்த பூ உச்சி வெயிலுக்கு முன் திண்டுக்கல் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். தனித்தனியாகக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது என்று எல்லோரும் சேர்ந்து ஒரு வண்டி வைத்தார்கள். யார் எத்தனை மூட்டை, வண்டி எங்கே நிற்கிறது, சந்தையில் நாளைக்கு எந்தப் பூ தேவை என்று சொல்லிக்கொள்ள நான் ஒரு குழுவைத் தொடங்கிக் கொடுத்தேன். ஊரடங்குக் காலத்தில் வீட்டில் இருந்தபடி வேலை பார்த்தபோது செய்தது. அறுபத்தோரு பேர். அதில் ஒருவர் பேகம்பூரைச் சேர்ந்த இப்ராஹிம் பாய். பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். எங்கள் பூவில் பாதி அவர் கடைக்குத்தான் போகும். மறுநாள் தேவை என்ன என்பதைத் தினமும் மாலை நான்கு மணிக்கு அவர்தான் எழுதுவார்.

இன்னொருவர் அமலி அக்கா. வண்டியின் கடைசி நிறுத்தம் அவருடையது. மாதா கோயில் தெருவில் வீடு, அதற்குப் பின்னால் அரை ஏக்கரில் ஜாதிமல்லி. கணவர் திருப்பூரில் வேலைக்குப் போய், வருவதும் போவதுமாக இருக்கிறார். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பேருந்தில் பூ மூட்டையை ஏற்றினால் நடத்துநர் முகத்தைப் பார்க்க முடியாது. பூ வண்டி ஓடினால் அவருக்குத் தோட்டம் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நான் நடுவில் கொஞ்ச காலம் மறந்துவிட்டேன்.

போன வருடம் தேர்தல் பேச்சு தொடங்கியபோது குழுவில் மூட்டைக் கணக்கோடு வேறு செய்திகளும் வர ஆரம்பித்தன. சித்தப்பா ஒரு காணொளியை அனுப்பினார். ஒரு வழிபாட்டு இடத்தின் வாசலில் கும்பல், கையில் கம்புகள், கீழே 'நம்ம பக்கத்து ஊர், எல்லாரும் பாருங்க' என்று குறிப்பு. நான் பார்த்தேன். பின்னணியில் இருந்த கடைப் பலகையின் எழுத்து தமிழே இல்லை. எங்கோ வடக்கே, எப்போதோ நடந்தது. அதை எழுதினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதற்குள் எதிர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் ஒரு தலைவரின் பேச்சைப் பாதியில் வெட்டி அனுப்பியிருந்தார். மூன்றே நாளில் இப்ராஹிம் பாயைக் குழுவில் இருந்து எடுக்க வேண்டும் என்று பாதிப் பேரும், எடுத்தால் நாங்களும் போகிறோம் என்று மீதிப் பேரும் எனக்குத் தனியாக எழுதினார்கள். பாய் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மாலை நான்கு மணிக்கு, 'நாளைக்கு மல்லி தேவை, சம்பங்கி போதும்' என்று மட்டும் எழுதினார்.

அன்று அமலி அக்கா என்னைக் கைப்பேசியில் அழைத்தார். இங்கே மதிய உணவு நேரம். "பாப்பா, இவிங்க சண்டைல வண்டி நின்னுரும் போலருக்கு. டிரைவரு இருவது மூட்டைக்குக் கொறஞ்சா எடுக்க மாட்டேங்குறாரு. நீதான் அட்மினு. என்னமாச்சும் செய்யி," என்றார். நான் செய்கிறேன் என்றேன்.

என் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையில் எந்திரம் எடுக்கும் படங்களில் பழுதுள்ளவற்றைப் பிரித்து ஒதுக்கும் நிரல்களைச் சோதிப்பது. எதை ஒதுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தால் போதும், மற்றதை எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த நம்பிக்கை. எனவே பட்டியல் போட்டேன். மளிகைக்குப் போனாலும், ஊருக்குப் போகப் பெட்டி கட்டினாலும், மனம் சரியில்லாவிட்டாலும் நான் பட்டியல் போடுகிறவள். கட்சிகளின் பெயர்கள், தலைவர்களின் பெயர்கள், சின்னங்கள், மதங்களின் பெயர்கள், கோயில், மசூதி, சர்ச், தேர்தல், ஓட்டு, ஜாதி. மொத்தம் எண்பத்து மூன்று சொற்கள். குழுவை, இப்படிப்பட்ட நிரலை இணைக்க வழியுள்ள வேறொரு செயலிக்கு மாற்றினேன். அறுபத்தோரு பேரையும் அங்கே கொண்டுவர இரண்டு வாரம் பிடித்தது. குரல் பதிவு அனுப்பும் வசதியை அடைத்தேன். பட்டியலில் உள்ள சொல் ஒரு செய்தியில் வந்தால் அந்தச் செய்தி நீங்கும், எழுதியவருக்கு எச்சரிக்கை போகும். கட்சி, தேர்தல் சொற்களுக்கு மட்டும், மூன்று எச்சரிக்கை ஆனால் ஆள் தானாக வெளியேற்றப்படுவார். பட்டியலை யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் சுற்று வழி கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இயக்கினேன். முதல் நாளே நீங்கியது அப்பாவின் செய்தி. 'மல்லிகை இரண்டு மூட்டை' என்று எழுதியிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரை மணி நேரம் நிரலைப் பார்த்த பிறகு தெரிந்தது. சின்னங்களின் வரிசையில் 'கை' இருந்தது. என் நிரல் சொற்களைத் தேடவில்லை, எழுத்துகளைத் தேடியது. மல்லிகையின் கடைசி எழுத்து கை. கோரிக்கை, வாடிக்கை, தங்கை, வருகை எல்லாவற்றிலும் ஒரு கை இருந்தது. மல்லி என்று எழுதினால் தப்பிக்கலாம், மல்லிகை என்று எழுதினால் அரசியல். வாழை இலை என்று பிரித்து எழுதினால் நீங்கும், வாழையிலை என்று சேர்த்து எழுதினால் நிற்கும். தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குத் தாமரை வேண்டும் என்று பாய் எழுதியது இரண்டு குற்றத்துக்காக நீங்கியது. அமலி அக்காவின் ஜாதிமல்லியை ஜாதி என்பதற்காக எந்திரம் ஒவ்வொரு நாளும் தள்ளியது. எங்கள் ஊரில் பூ எதற்காக விற்கிறது என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். முகூர்த்தம், மாதா தேர், சந்தனக்கூடு, கட்சி மாநாட்டில் மேடைக்கு வரும் மாலை. மதத்தையும் அரசியலையும் எடுத்துவிட்டால் மல்லிகையை வாங்க ஆளே இல்லை. இந்த இரண்டையும் பேசக் கூடாது என்று நான் விதி போட்டது ஒரு பூக் குழுவுக்கு.

கையையும் ஜாதியையும் எடுத்துவிட்டேன். மற்றவை இருக்கட்டும் என்று விட்டேன். சில நாள் அமைதியாக இருந்தது. யாரும் கட்சி பேசவில்லை. பூவைப் பற்றி மட்டும் பேசினார்கள். கொஞ்சம் அதிகமாகவே பேசினார்கள். 'கோழிக்கொண்டைக்கு இந்தத் தடவை நம்ம பக்கம் மவுசு இல்லை.' 'சம்பங்கி எப்பவும் காத்தடிக்கிற பக்கம் சாயும்.' 'அரளிதான் கடைசி வரைக்கும் நிக்கும்.' நான் ஐந்தோவனில் காபி குடித்தபடி இதைப் படித்து மகிழ்ந்தேன். மரெய்க்கேவிடம்கூடச் சொன்னேன், எங்கள் ஊர்க்காரர்கள் அரசியலை விட்டுவிட்டு இப்போது பூக்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று. மோய், என்றார் அவர். அழகு என்று பொருள்.

அரளி என்றால் சித்தப்பாவின் கட்சி. கோழிக்கொண்டை எதிர்க்கட்சி. சம்பங்கி, கூட்டணி மாறிக்கொண்டே இருக்கும் மூன்றாவது கட்சி. யார் வைத்த பெயர்கள் என்று இன்றுவரை தெரியாது. குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேருக்குத் தெரியாது. ஒருவர் நிர்வாகியாகிய நான். இன்னொருவர், மாலை நான்கு மணிக்கு வந்து தேவையை மட்டும் எழுதிவிட்டுப் போகும் இப்ராஹிம் பாய்.

ஒரு வியாழக்கிழமை மாலை பாய் எழுதியது இது: 'நாளைக்கு அரளி யாரும் கொண்டுவர வேண்டாம். நேற்று வந்ததே அழுகிப்போய்க் கிடக்கிறது. குப்பையில் கொட்ட ஆள் தேடுகிறேன்.'

அவர் பூவைத்தான் சொன்னார். மற்ற எல்லோரும் அதைக் கட்சியாகப் படித்தார்கள். சித்தப்பா, 'அழுகியது யார் என்று தேர்தலில் பார்ப்போம்' என்று பதில் எழுதினார். அரளி என் பட்டியலில் இல்லை. தேர்தல் இருந்தது. பாயின் செய்தி நின்றது, சித்தப்பாவின் செய்தி நீங்கியது. முதல் சில நாள்களிலேயே இரண்டு வாங்கியிருந்த அவருக்கு அது மூன்றாவது எச்சரிக்கை. எந்திரம் அவரை வெளியேற்றியது. எல்லோருக்கும் தெரியும்படி, 'முருகேசன் நீக்கப்பட்டார்' என்று ஒரு வரி வந்தது. நான் அப்போது ஒரு கூட்டத்தில் இருந்தேன். வெளியே வந்து கைப்பேசியை எடுத்தபோது சித்தப்பாவைத் தொடர்ந்து இருபத்து இரண்டு பேர் போயிருந்தார்கள். அவர்கள் தங்கள் பூவைச் செம்பட்டி வழியாக நிலக்கோட்டைச் சந்தைக்கு அனுப்ப வேறு வண்டி பேசினார்கள். பக்கத்தில் இருக்கும் சந்தையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம். மிச்சம் இருந்தவர்களிடம் இருபது மூட்டை சேரவில்லை. சனிக்கிழமை முதல் பூ வண்டி நின்றது.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஏற்கெனவே பதிவு செய்திருந்த விடுமுறை. வீட்டுக்குப் போனதும் அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "ஒம் மிசினு ஒஞ் சித்தப்பனையே தள்ளிருச்சேத்தா," என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சித்தப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று அம்மா சொன்னார். மோட்டார் அறைச் சுவரில் அவர் கட்சியின் சின்னம் புதிதாகப் பளபளவென்று இருந்தது. வீட்டுக்குத்தான் வரவில்லை, சுவருக்கு வந்திருக்கிறார்.

மறுநாள் காலை அமலி அக்காவைப் பார்க்கப் போனேன். மூட்டையைத் தெருமுனைக்குத் தூக்கி வந்து ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார். இரண்டு ஆட்டோக்கள் ஆள் நிறைந்து போயின. மூன்றாவது, மூட்டைக்கு இடமில்லை என்றது. ஜாதிமல்லி பொறுக்காத பூ. மூட்டைக்கு மேல் போட்டிருந்த ஈரத் துணி காய்ந்துவிட்டது. அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதை நனைத்தார். "மூணு வாரமா இந்தப் பொழப்புதான் பாப்பா. பாதி நாளு போய்ச் சேரயில சந்தை கலஞ்சுருது. செடிய எடுத்துட்டு மில்லு வேலைக்குப் போயிரலாமான்னு இருக்கு," என்றார். என்னைக் குறை சொல்லும் குரலே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நான் அப்பாவின் வண்டியை எடுத்து வந்தேன். மூட்டையை முன்னால் வைத்து, அக்காவைப் பின்னால் உட்காரவைத்துத் திண்டுக்கல்லுக்குப் போனோம்.

இப்ராஹிம் பாயின் கடைக்குள் நுழைந்தபோது நான் பார்த்த காட்சியை இன்றும் சரியாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். குவித்துவைத்த பூக்களுக்கு நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் பாய். மற்றொன்றில் கரை வேட்டியோடு முருகேசன் சித்தப்பா. கையில் டீ. கட்சி வேலையாக ஊருக்குள் வந்தால் அந்தக் கடையில் ஒரு டீ குடிப்பது இருபது வருடப் பழக்கம், அதை ஏன் விட வேண்டும் என்று பிறகு கேட்டார்.

"வாங்க அட்மினு," என்றார் சித்தப்பா. "மாமா, என்னையக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுனது இவதான்."

"ஒன்னைய வெளிய தள்ளுனாக மாப்ள. என்னைய உள்ள வச்சுல்ல வெளுத்தாய்ங்க," என்றார் பாய்.

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். குழுவில் எழுதும்போது சித்தப்பா ஒரு முறைகூட மாமா என்று எழுதியதில்லை. பாயும் மாப்ள என்று எழுதியதில்லை. என் பட்டியலில் அந்த இரண்டு சொற்களும் இல்லை, நான் தடுக்கவில்லை. அவர்களாகவே எழுதவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசிக்கொள்கிறவர்கள் ஏன் வண்டிக்குத் திரும்பக் கூடாது என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

சித்தப்பா டீயைக் கீழே வைத்தார். "இங்கன பேசுறத யாரு பாக்குறா? டீக்கடைக்காரன் பாப்பான். அங்கன அறுவது பேரு பாத்தாய்ங்கம்மா. எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் பாத்தாய்ங்க. நான் திரும்பி வந்தா, அழுகுன அரளி வந்துருச்சும்பாய்ங்க."

"நான் பூவத்தான் சொன்னேன் மாப்ள."

"எனக்குத் தெரியும் மாமா. அவிங்களுக்குத் தெரியணும்ல."

எனக்குக் குழப்பம் அதிகமாயிற்று. நேரில் இருப்பது உண்மை, கைப்பேசியில் இருப்பது வேஷம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றால், வேஷம்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறது. உண்மை டீ குடித்துக்கொண்டிருக்கிறது. நான் என் புத்திக்கு எட்டியபடி, பட்டியலைத் திருத்துகிறேன், பூக்களின் பெயர்களையும் எந்திரம் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி செய்கிறேன், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இத்தனை செய்தி என்று வரம்பு வைக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அமலி அக்கா அதுவரை பேசவில்லை. மூட்டையைப் பிரித்துப் பூவைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். ஓரங்களில் பழுப்பு ஏறியிருந்தது.

"ஒன் லிஸ்ட்டத் தூக்கி அங்கிட்டு வையி பாப்பா," என்றார். பிறகு அவர்கள் இருவரையும் பார்த்து, "அண்ணே, நீங்க கட்சி பேசுங்க, சாமி பேசுங்க, என்னமும் பேசுங்க. வாயத் தொறக்கயில மொதல்ல நாளைக்கு எத்தன மூட்டைன்னு சொல்லிட்டுப் பேசுங்க. பாய் எத்தன மூட்டை எடுப்பாகன்னு சொல்லிட்டுப் பேசட்டும். மூட்டை இல்லாத அன்னைக்கு யாரும் பேசக் கூடாது. சண்டையும் அந்த வண்டியிலயே ஏறி வரட்டும். எம் பூவ மட்டும் ரோட்டுல நிறுத்தாதீக," என்றார்.

பாய் ஒரு கை பூவை அள்ளிப் பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், பூவையே பார்த்தபடி, "நல்லாத்தான் இருக்கு," என்றார். பூவையா யோசனையையா என்று நான் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் வீட்டில் உட்கார்ந்து நிரலை மாற்றினேன். எண்பத்து மூன்று சொற்களையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். செய்தி 'மூட்டை' என்ற சொல்லில் தொடங்க வேண்டும், அடுத்து ஓர் அளவு இருக்க வேண்டும், அது அரைக்குக் குறையக் கூடாது. அமலி அக்காவுக்குப் பல நாள் அரை மூட்டைதான். போனவர்களை எல்லாம் திரும்பச் சேர்த்தேன். சித்தப்பா வருவாரா என்ற சந்தேகம் இருந்ததால், புதிய நிரலை இயக்கும் முன், தவறு என்னுடையது என்று அவர் ஆட்கள் எல்லோரும் பார்க்கும்படி எழுதி, இதுவரை மறைத்துவைத்திருந்த பட்டியல் முழுவதையும் குழுவில் போட்டேன். மல்லிகையை ஏன் எந்திரம் தள்ளியது என்பதையும் புதிய நிபந்தனையையும் விளக்கினேன். பிறகு சித்தப்பாவிடம் இருந்து, நான் எதிர்பார்த்த எந்தப் பதிலும் இல்லாமல், இது வந்தது: 'மூட்டை மூன்று. எங்கள் சின்னத்தை ஏன் மூன்றாவதாகப் போட்டிருக்கிறாய்? அவர்களுடையது ஏன் முதலில்?'

அகர வரிசை என்று நான் நேரில் சொன்னதை யாரும் நம்பவில்லை. அந்தப் பட்டியலின் வரிசையைப் பற்றியே இரண்டு நாள் சண்டை நடந்தது. ஒவ்வொரு வரியும் மூட்டையில் தொடங்கியது. 'மூட்டை இரண்டு. உங்கள் தலைவர் சொன்னது பொய்.' 'மூட்டை ஒன்று. எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' 'மூட்டை நான்கு. இப்ராஹிம் மாமா, நாளைக்கு அரளி வேணுமா வேணாமா, பூவத்தான் கேக்குறேன்.' மாமா என்ற சொல் எழுத்தில் வந்தது அப்போதுதான். சண்டைக்கு நடுவே மூட்டைகளைக் கூட்டினால் இருபத்து ஆறு. திங்கள்கிழமை காலை வண்டி வந்தது. கடைசி நிறுத்தத்தில் அமலி அக்கா மூட்டையை ஏற்றியதை நான் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரம் இங்கே திரும்பிவிட்டேன்.

இது தீர்ந்த கதை என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. சண்டை குறையவில்லை. சில நேரம் மிக மோசமாகவும் எழுதுகிறார்கள். மூட்டை ஒன்று என்று தொடங்கி எழுதப்பட்டதாலேயே ஒரு பொய் நல்ல செய்தி ஆகிவிடாது. இருந்தாலும், மறுநாள் அதே வண்டியில் தன் மூட்டை மேல் அவன் மூட்டை ஏறும் என்று தெரிந்து எழுதுகிறவர்களின் சொற்களில் ஏதோ ஒரு எடை சேர்ந்திருக்கிறது. எந்திரத்தில் அதை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மரெய்க்கேவும் கேஸும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், ஆறு வருடமாகப் பேசவில்லை. எங்கள் ஆட்கள் பேசிப் பேசி ஒருவர் பூவை ஒருவர் வாட விட்டார்கள், அப்போதும் டீயை விடவில்லை. எது நாகரிகம் என்று என்னை யாராவது கேட்டால் இரண்டு பக்கமும் பட்டியல் போட்டுப் பார்ப்பேன். போட்டும் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வந்தன.

நேற்று சனிக்கிழமை மரெய்க்கே கதவைத் தட்டி, உன் சன்னல் வெறுமையாக இருக்கிறதே, ஏதாவது ஒட்டிக்கொள், என்னிடம் இரண்டு கட்சியின் சுவரொட்டிகளும் மிச்சம் இருக்கின்றன என்றார். எனக்கு இங்கே வாக்கு இல்லை என்றேன். அப்படியானால் அங்கே என்றார். அங்கே இருக்கிறது, தேர்தல் நாளில் நான்தான் அங்கே இருப்பதில்லை என்றேன். அவர் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. பாவம் என்பது போல என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கைப்பேசியைப் பார்த்தேன். பூ வண்டியில் பழைய காணொளி திரும்ப வந்திருந்தது. அதே வாசல், அதே கும்பல், அதே கம்புகள். இந்த முறை அனுப்பியவர் வேறொருவர். 'மூட்டை இரண்டு. நேற்று நம்ம பக்கத்து ஊரில் நடந்தது.' எனக்குக் கைகள் பரபரத்தன. எனக்கு விடை தெரியும், அந்தக் குழுவில் வேறு யாரையும்விட எனக்குத்தான் தெரியும். பின்னால் இருக்கும் கடைப் பலகையைப் பாருங்கள், அது எந்த மொழி என்று பாருங்கள் என்று வேகமாக எழுதி அனுப்பினேன். அது ஒரு நொடி நின்றது, பிறகு நீங்கியது. 'மூட்டை இல்லை' என்று எனக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை வந்தது. நான் எழுதிய வாசகம்தான். நிர்வாகிக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை. மடிக்கணினியைத் திறந்தேன். திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூட்டை என்று அடித்து, அடுத்து என்ன எண் போடுவது என்று பார்த்தேன். அப்பாவின் இரண்டு மூட்டையை என்னுடையது என்று சொல்லலாமா? அவற்றில் ஒரு பூவையும் நான் பறிக்கவில்லை. எண்ணுக்கான இடத்தில் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அப்போது குழுவில் இன்னொரு செய்தி வந்தது. அமலி அக்கா. 'மூட்டை அரை. பின்னாடி கடை போர்டுல இருக்கது எந்த ஊரு எழுத்து?'

மடிக்கணினியை மூடினேன். எதிர் வீட்டில் மேலே ஒரு விளக்கு, கீழே ஒரு விளக்கு, இரண்டு சன்னலிலும் இரண்டு கட்சி. என் சன்னலில் எதுவும் இல்லாததால் தெருவில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நான் முழுதாகத் தெரிந்திருப்பேன்.